கொடுத்தது கொடுத்தபடி

ஜனவரி 23, திங்கள்

முதல் டிவிடி முடிந்தது. இரண்டாவது அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது. வெளியே துப்பியது. திரையில் ஒரு வரி: பிழை, முதலிலிருந்து தொடங்கவும்.

முதலிலிருந்து. அதற்காகத்தானே இத்தனையும்.

எதற்கு என்று எழுதி வைக்கிறேன். பிப்ரவரி 12, ஞாயிறு, லால்குடியில் தங்கராசு மாமா வீட்டில் இரண்டு தரப்பும் கூடும். கல்யாணம் நின்றுவிட்டதால், நிச்சயதார்த்தத்தில் கொடுத்ததை அவரவர் திருப்பி வாங்கிக்கொள்வது. எங்கள் பக்கமிருந்து போக வேண்டியவை பட்டுப்புடவை, வெள்ளிக் குங்குமச் சிமிழ், இந்த லேப்டாப். "கொடுத்தது கொடுத்தபடி வரணும்" என்று, எனக்கு நிச்சயித்திருந்த பாஸ்கரின் அப்பா ஃபோனில் சொன்னாராம். போட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்களாம்.

கொடுக்கிறேன். அட்டைப்பெட்டியைப் பிரித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே. என் ஓர் எழுத்துகூட இல்லாமல்.

ஏழு மாதம் இதில் எழுதினேன். எம்.ஃபில். ஆய்வேட்டின் இரண்டரை அத்தியாயம். அதைப் பென் டிரைவில் எடுத்துவிட்டேன். இன்னொன்று தினமும் எழுதிய குறிப்பு, அதை அழித்துவிட்டேன். ஆனால் அழித்தது அழிவதில்லை. ஆகஸ்டில் என் இரண்டாம் அத்தியாயம் தொலைந்தபோது பாஸ்கர்தான் மீட்டுக் கொடுத்தான். "டெலிட் பண்ணா போயிடுமா? உள்ளதான் இருக்கும் வதனி." பத்தே நிமிடம். நான் கைதட்டினேன்.

சந்தைக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பெர்னார்டு அண்ணன் வழி சொன்னார். "மொத்தமா தொடச்சாதாம்மா போகும். ஆனா தொடச்சா, கம்பெனிக்காரன் உள்ள வச்சிருக்க, மொதல்லேர்ந்து ஏத்துற ரிக்கவரியும் சேந்து போயிடும். அதனால மொதல்ல அத நாலு டிவிடில எடுத்து வச்சுக்க. அப்பறம் தொட. அப்பறம் டிவிடியப் போட்டு ஏத்து. புது மாப்ள மாதிரி எந்திரிக்கும்."

மாப்பிள்ளை என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை.

இந்த டைரி அப்பா கொடுத்தது. அவர் வேலை பார்க்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் யூனியன்காரர்கள் தருவது. "கம்ப்யூட்டர் வேணாம். இதுல எழுது" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் எழுதுவேன் என்று அவருக்கு எப்படித் தோன்றியதோ.


ஜனவரி 25, புதன்

ஒரு டிவிடிக்கு முப்பத்தைந்து நிமிடம். நான்குக்கு இரண்டு மணி இருபது நிமிடம். கரண்ட் சேர்ந்தாற்போல் இருப்பது இரண்டு மணி நேரம். அதற்குமேல் பேட்டரி தாங்குவது பன்னிரண்டு நிமிடம். எட்டு நிமிடம் உதைக்கிறது.

நான்காவது டிவிடி, எழுபத்தேழு சதவீதம். விசிறி நின்றிருந்தது. திரையும் நின்றது.

யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபம் கேவலமானது. தலையணையை அடித்தேன். பஞ்சு பறந்தது. பெருக்கினேன்.

குழாயடியில் அப்பா. பொங்கலிலிருந்து இதே கதை. வேலை விட்டு வந்ததும் அரை மணி நேரம் அங்கேயே நிற்கிறார். முதலில் மண்ணெண்ணெய், பிறகு மரத்தூள், பிறகு சோப்பு, பிறகு எலுமிச்சைத் தோல். நகத்துக்கடியில் தென்னங்குச்சி. தண்ணீர் வருவதே ஒரு மணி நேரம். "அப்பா, நான் குடம் வைக்கணும்!" என்று கத்தினேன்.

"இந்தா, ஆச்சும்மா." ஈரக்கையோடு ஒதுங்கிக்கொண்டார்.


ஜனவரி 26, வியாழன்

குடியரசு தினம். கரண்டுக்கு விடுமுறை. இரண்டாவது டிவிடியோடு சரி.


ஜனவரி 28, சனி

அம்மா என்னோடு பேசுவதில்லை. அடுப்போடு பேசுகிறாள். "சென்னைல வேல. சொந்த வீடு. ஒரே பையன். புடிக்கலயாம். ஏழு மாசமா புடிச்சுது, தை பொறக்கப்போறப்ப புடிக்கலயாம்."

நான் சொன்ன காரணம் அவ்வளவுதான். பிடிக்கவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

டிசம்பரில் பாஸ்கர் வந்திருந்தான். லேப்டாப்பில் வைரஸ் இருக்கிறது, சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று இரண்டு நாள் லாட்ஜுக்கு எடுத்துப்போனான். ஜனவரி 9 அன்று ஃபோன் செய்தான்.

"செமயா எழுதுற வதனி. என்னப் பத்திகூட எழுதியிருக்க. 'பேசும்போது வாட்சைத் தொட்டுக்கொண்டே இருக்கிறான், என் பேச்சுக்கு நேரம் குறிப்பவன் போல.' சூப்பர்ல?"

அவன் குரலில் என் வாக்கியங்கள். ஒன்று, இரண்டு, ஐந்து. நிறுத்து என்றேன். நிறுத்தவில்லை. கடைசியாக ஒன்று படித்தான். அது அப்பாவைப் பற்றியது.

"இத மட்டும் உங்கப்பா கேட்டாருன்னா..." சிரித்தான். விளையாட்டாம்.

மறுநாள் காலை வேண்டாம் என்றேன். அம்மா அழுதாள். மாமா கத்தினார். அப்பா மட்டும் "சரி" என்றார். ஏன் என்று கேட்கவே இல்லை.

லேப்டாப் அவன் கைக்குப் போனால் அந்த வரியும் போகும். எடுத்து வைத்துக்கொண்டு ஒருநாள் அப்பாவுக்குக் காட்டுவான். காட்டக்கூடியவன்தான். அதனால் துடைக்க வேண்டும். அதனால் நான்கு டிவிடி.

மதியம் அப்பா ஸ்பூனில் சாப்பிட்டார். ரசம் சோற்றை. அம்மாவே வாய்விட்டுக் கேட்டாள்: "என்னங்க, ஜெனரல் மேனேஜர் ஆயிட்டீங்களா?"

"வெரல்ல வெட்டு."

"எங்க, காட்டுங்க."

காட்டவில்லை. ரசம் மீசையில் வழிந்தது. எரிச்சலாக இருந்தது எனக்கு.


ஜனவரி 31, செவ்வாய்

பெர்னார்டு அண்ணன் கடையில் இன்வெர்ட்டர் இருக்கிறது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒருவர் சவூதிக்கு விசா விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார். மனைவி பெயரில் எழுத்துப்பிழை விட்டு நான்கு தடவை அழித்தார். அவருக்கு அழிந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. நூறு சதவீதம்.

ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டேன். ஏழு மாதத்துக்குப் பிறகு ஏதோ ஒன்றை முடித்திருக்கிறேன்.


பிப்ரவரி 1, புதன்

துடைப்பதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்ப்போம் என்றார் பெர்னார்டு அண்ணன். ஒன்றைப் படித்தது. இரண்டைப் போட்டால் உறுமுகிறது, துப்புகிறது. வேறு கம்ப்யூட்டரில் போட்டார். வேட்டியில் துடைத்துப் போட்டார். ஊதிப் போட்டார்.

"மட்டமான டிவிடிம்மா. எங்க வாங்குன?"

"உங்க கடைலதான் அண்ணே."

நல்ல டிவிடி நான்கு எடுத்துக் கொடுத்தார். மறுபடி தொடங்கினேன். தொடங்க விடவில்லை. திரையில்: இந்தக் கணினிக்கு ஒரு செட் மட்டுமே அனுமதி. அது ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது.

அனுமதி. என் மடியில் இருக்கும் பொருளுக்கு எவனோ அனுமதி தருகிறான். கெட்டுப்போன ஒன்றையும் எடுத்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டு, உனக்கு இனி இல்லை என்கிறான். இந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. ஏழு மாதம் ஃபோனில் கேட்டிருக்கிறேன். "நான் பாத்துக்கறேன், நீ தொடாத." "அது உனக்குப் புரியாது." "ஒரு தடவ சொன்னா போதாதா?"

மூடியை அறைந்து சாத்தினேன். "பாத்தும்மா, போட்டுப் பாத்துத்தான் வாங்குவாங்கன்ன" என்றார் பெர்னார்டு அண்ணன்.


பிப்ரவரி 2, வியாழன்

சர்வீஸ் சென்டருக்கு ஃபோன். பாட்டு. பாட்டு. பாட்டு. பிறகு ஒரு பெண்: "ரிக்கவரி டிவிடிக்கு ஆர்டர் போட்டா மூணு வாரம் ஆகும் மேடம்."

எனக்கு இருப்பது பத்து நாள்.

பெர்னார்டு அண்ணன் சொல்கிறார், இதே மாடல் வேறு யாரிடமாவது இருந்தால் அவர்கள் எடுத்து வைத்த செட் இதற்கும் சேருமாம். "யார்கிட்டயாச்சும் இருக்கா?"

இருக்கிறது. ஜோடியாக இருக்கட்டும் என்று அவன் ஒரே மாடலில் இரண்டு வாங்கினான். வாங்கிய அன்றே டிவிடி எடுத்து, உறையில் போட்டு, தேதி எழுதி வைப்பவன் அவன்.

கேட்க மாட்டேன்.


பிப்ரவரி 4, சனி

கேட்டேன்.

"டிவிடியா? எதுக்கு?" என்றான். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"கொடுத்தபடி கொடுக்கணும்னு உங்கப்பாதான சொன்னாரு."

"ஓ, தொடைக்கப் போறியா?" சிரித்தான். "தாராளமா தொட. டிசம்பர்லயே எல்லாம் காப்பி எடுத்தாச்சு. பத்திரமா இருக்கு."

ஃபோனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"ஏய், உங்கப்பா உன்கிட்ட ஒண்ணும் கேக்கலயா?"

"என்ன கேக்கணும்?"

"ஒண்ணுமில்ல. கேக்கலன்னா விடு." வைத்துவிட்டான்.

பன்னிரண்டு நாளாக நான் துடைக்கப் பார்த்தது எதை? வீட்டைக் கழுவிவிட்டேன் என்று நினைத்தவளுக்கு, சாவியின் நகல் அவன் பையில் இருப்பது தெரிகிறது. அவன் காப்பி எடுத்திருக்க மாட்டான் என்று நம்பியவள் எவ்வளவு பெரிய முட்டாள். அவன்மேல் வரும் கோபம் சுத்தமானது, அதைத் தாங்கிக்கொள்ளலாம். என்மேல் வருவது அப்படியில்லை.

இன்று அந்த வரியை எழுதிவிடுகிறேன். எவனெவனோ படிக்கலாம், நான் எழுதக்கூடாதா?

நிச்சயதார்த்தத்தன்று இரவு எழுதியது: "பந்தியில் அப்பா எனக்கும் பாஸ்கருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் சோறு பிசைந்தபோது கையிலிருந்து கிரீஸ் வாடை வந்தது. அவர்களுக்கும் வந்திருக்கும். என் இலையைத் தள்ளி வைத்துக்கொண்டேன்."

அவ்வளவுதான். நான்கு வாக்கியம். படிக்கிற படிப்பு, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த திமிர்.


பிப்ரவரி 7, செவ்வாய்

அவன் சொல்வதற்குள் நானே சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன். தைப்பூச விடுமுறை. அப்பா வாசலில் சைக்கிள் செயினைக் கழற்றி வைத்திருந்தார்.

"அப்பா."

"ம்."

"நான் ஒண்ணு எழுதுனேன்."

"எழுது எழுது. அந்த டைரி பேப்பர்ல இங்க் ஊறுதா?"

"இல்லப்பா."

"நல்ல பேப்பருதான்." செயினை மாட்டினார். கை முழுக்கக் கறுப்பு. நான் பார்ப்பதைப் பார்த்தார். கையைப் பின்னால் கொண்டுபோனார். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய்விட்டார்.

சொல்லவில்லை. பேச்சுக் கொடுக்கும்போதே எழுந்து போகிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?


பிப்ரவரி 9, வியாழன்

இன்று ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் எனக்கு முகூர்த்தம் குறித்திருந்தது. துணி துவைத்தேன்.


பிப்ரவரி 11, சனி

காலையில் அப்பா என் மேசைக்கு வந்தார். கையில் சட்டைப்பையளவு ஸ்க்ரூடிரைவர், ஒரு சிறிய அட்டைப்பெட்டி.

"இதுல நீ எழுதுனது எங்க இருக்கும்?"

"உள்ள. ஹார்ட் டிஸ்க்குல."

"அதான் எங்க?"

லேப்டாப்பைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு மூடி. இரண்டு திருகு. அப்பா உட்கார்ந்தார். நெற்றியைச் சுருக்கி, திருகின் தலையை விரலால் தடவிப் பார்த்து, முதலில் சற்று இறுக்கிவிட்டுப் பிறகு கழற்றினார். மூடி வந்தது. உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஒரு தகடு. பக்கவாட்டில் நகர்த்தி எடுத்தார்.

"ரெண்டே ஸ்க்ரூ. இதுக்கா மூணு வாரமா நடந்த?"

"அப்பா, கொடுத்தபடி கொடுக்கணும். இது இல்லன்னா ஓடாது. ஏத்துற டிவிடியும் பாஸ்கர்கிட்டதான் இருக்கு."

அட்டைப்பெட்டியைத் தட்டினார். "புது டிஸ்க்கு. அதே சைஸு, அதே கம்பெனி. பெர்னார்டு வாங்கிக் கொடுத்தான். கவர்கூடப் பிரிக்கல. அவங்க கொடுத்தது அவங்களுக்கு." தகட்டை வேட்டியில் துடைத்து என் பக்கம் நீட்டினார். விரல் படாமல், ஓரத்தைப் பிடித்து. "இது உன்னுது."

பெர்னார்டு அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டேன். இவ்வளவு சுலபம் என்றால் ஏன் சொல்லவில்லை? "நீ டிவிடி டிவிடின்னே நின்ன. ஓடணும், ஓடணும்ன. உங்கப்பா வந்து எது எம்பொண்ணு எழுதுனதுன்னு கேட்டாரு. நீ அப்படிக் கேக்கலயேம்மா."

தகடு இப்போது என் பீரோவில் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. கோபம் போகவில்லை. நகல் அவனிடம் இருக்கிறது. நாளை எல்லோரும் இருப்பார்கள். அப்பாவும்.


பிப்ரவரி 12, ஞாயிறு

பஸ்ஸில் எழுத முடியவில்லை. வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். மாலை ஐந்து. கரண்ட் இருக்கிறது.

மாமா வீட்டுக் கூடத்தில் ஒரு பாய். அதன்மேல் இரண்டு தாம்பாளம். அவர்களிடமிருந்து மோதிரமும் கோட்டுத் துணியும் வந்தன. மாமா ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எடுத்து வைத்தார். பாஸ்கர் சுவரோரம் நாற்காலியில் இருந்தான். வாட்சைத் தொட்டுக்கொண்டு.

லேப்டாப் வந்ததும் அவன் அப்பா, "போட்டுப் பாருடா" என்றார்.

போட்டான். கறுப்புத் திரை. வெள்ளையில் ஒரு வரி.

"என்ன சம்பந்தி, ஓடலயே?" உறவு முறிந்த வீட்டில் வாய்தவறிச் சம்பந்தி என்றதற்கு அவர் மனைவி முறைத்தார்.

"ஓடாதுங்க" என்றார் அப்பா. "ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டேன். புதுசு இந்தா இருக்கு, கவர் பிரிக்கல. தம்பிகிட்ட டிவிடி செட் இருக்காம். போட்டா மொத நாள் மாதிரி ஓடும்."

"கொடுத்தது கொடுத்தபடின்னுதான பேச்சு? யாரக் கேட்டுக் கழட்டுனீங்க?"

"பழசுல எம்பொண்ணு எழுதுனது இருக்கு. அது நீங்க கொடுத்ததில்லயே."

பாஸ்கர் சிரித்தான். அந்தச் சிரிப்பு. அதைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். நிற்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"மாமா, அவங்க பக்கத்துலேர்ந்து ஒண்ணு பாக்கி. நான் எழுதி வச்சிருந்த டைரிய இவரு எனக்குத் தெரியாம எடுத்துக் காப்பி பண்ணி வச்சிருக்காரு. படிச்சுக் காட்டி மெரட்டுறாரு. அதுக்குத்தான் வேணாம்னேன். புடிக்காம இல்ல. இதுக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு மாதத்தில் முதல் முறை.

"என்னடா பாஸ்கரு?" என்றார் அவன் அம்மா. "பொம்பளப் புள்ள எழுதி வச்சதயா எடுத்த?"

"அவ என்ன எழுதியிருக்கான்னு கேளு மொதல்ல! பெத்த அப்பனப் பத்தியே... கை நாறுது, கிரீஸ் வாடை அடிக்குது, பக்கத்துல ஒக்காந்து திங்க முடியலன்னு..."

நாறுது என்று நான் எழுதவில்லை. திங்க முடியவில்லை என்றும் எழுதவில்லை. ஆனால் அந்தத் திருத்தத்தைச் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அதான் போகிக்கு மொத நாளே போன்ல படிச்சீங்களே தம்பி" என்றார் அப்பா. "ரெண்டு தடவ. சரியா கேக்கலயோன்னு. இன்னிக்குச் சேத்துச் சொல்றீங்க. அவ எழுதுனதுல இவ்வளவு இல்ல."

போகிக்கு முதல் நாள். ஜனவரி 13. மண்ணெண்ணெய். மரத்தூள். எலுமிச்சைத் தோல். வெட்டு இல்லாத விரல். ஸ்பூன். இந்த டைரி. நான் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன். உள்ளதை உள்ளபடி. ஒன்றையும் பார்க்காமல்.

அப்பா எழுந்து பாஸ்கரின் நாற்காலிக்குப் போனார். இரண்டு கையையும் விரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "முப்பத்தோரு வருசம் ரயில் சக்கரம் மாட்டுன கை. வாடை இருக்கும். எம்பொண்ணு பக்கத்துல ஒக்காந்தவ, அதான் அவளுக்குத் தெரிஞ்சுது. நீங்க படிச்சுத்தான தெரிஞ்சுக்கிட்டீங்க? இந்தாங்க, நேராவே மோந்து பாத்துக்குங்க."

பாஸ்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அம்மா எழுந்து, "அந்தக் கம்ப்யூட்டரு, அது இதுன்னு ஒண்ணும் வேணாம், வாங்க போலாம்" என்றார். அவன் அப்பா லேப்டாப்பை எடுத்துக்கொண்டார். புதிய பெட்டியையும். மறக்காமல்.

நகலை அழித்துவிடுகிறேன் என்று அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அது எங்கோ இருக்கும். இருக்கட்டும். அதை வைத்து இனி யாரிடமும் அவன் எதையும் புதிதாகச் சொல்ல முடியாது.

முறிந்த சம்பந்தத்துக்குச் சாப்பாடு போடுவதில்லை. திரும்பும் வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஓட்டலுக்குப் போனோம். அம்மா கை கழுவப் போனாள். நான் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன்.

"எழுதுனத எழுதலன்னு சொல்ல மாட்டேன்ப்பா" என்றேன். கோபமாகத்தான் வந்தது.

"சொல்லாத" என்றார். "எவ்வளவோ தேச்சுப் பாத்தேன். போகல."

சர்வர் மூன்று சாப்பாடு வைத்தார். அப்பா ஸ்பூன் கேட்டார். கொண்டுவந்து வைத்தார். நான் அதை எடுத்து அடுத்த மேசையில் வைத்தேன். அங்கிருந்தவர் என்னை விநோதமாகப் பார்த்தார். அப்பா சாம்பாரை ஊற்றிக் கையால் பிசைந்தார்.

வாடை வந்தது. வந்தது என்றே எழுதுகிறேன்.

இலையை நகர்த்தவில்லை.